மிச்சக் கறி, கொள்ளு, ஒரு சட்டி சூப்

எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒருவருக்கு எலும்பு முறிந்துவிட்டால், மாவுக்கட்டு காய்வதற்கு முன்பே ஆட்டு எலும்பு தேடத் தொடங்கிவிடுவார்கள். பெரியப்பா வாசற்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோதும் அப்படித்தான் நடந்தது. பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூக்குப்போசி இருந்தது. ஒவ்வொரு தூக்குப்போசியிலும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட, அடியில் இருப்பது தெரியும் அளவுக்குத் தெளிவான எலும்புச் சாறு இருந்தது. அவர் அதை மருந்தைப் போல மடமடவென்று குடித்துவிட்டு, அரை மணி நேரத்தில் பசிக்கிறது என்பார். ஒருநாள் ஞாயிற்றுக்கிழமைக் கறியில் மீந்ததை எடுத்து, ஊறவைத்த கொள்ளோடு சேர்த்து நானே ஒரு சூப் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் குடித்த பிறகு அவர் சொன்னார்: “நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா சூப்புன்னா தெளிவா இருக்கோணும். மிச்சக் கறியில கொள்ளைப் போட்டுக் கலக்கிட்டா அதுல சத்து எங்கிருந்து வரும்?”

அந்தக் கேள்விக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒருமுறை வெந்த கறியில் இனி எடுக்க ஒன்றும் இல்லை என்பது ஒன்று. எலும்பின் சாரம்தான் சூப், பயறு சேர்ந்தால் அது நீர்த்துப்போகும் என்பது மற்றொன்று. பெரியப்பா மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் நினைக்கின்றன. அவர் கேட்டது தப்பு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை; ஆனால் அவர் சொன்னபடியே பார்த்தால், தெளிவான சாற்றைக் குடித்தவருக்கு ஏன் உடனே பசித்தது, என் சட்டியிலிருந்து குடித்தவர் ஏன் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார் என்பதற்கு விடை இல்லை. அந்த முரண் வெகுநாள் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மிச்சக் கறி என்பதே நம் வீடுகளில் கொஞ்சம் மரியாதை குறைந்த பொருள். குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்பு கறி மிஞ்சும் என்று தெரிந்தால் பச்சையாக இருக்கும்போதே உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போட்டார்கள். சமைத்த பிறகு மீந்ததைச் சட்டியோடு அடுப்பில் ஏற்றிச் சுண்டவைத்தார்கள். மறுநாள் காலை இட்லிக்கு அந்தச் சுண்டிய குழம்புக்கு இருந்த மதிப்பே தனி. இப்போது நிலைமை வேறு. ஞாயிறன்று எடுத்த கறி மிஞ்சினால், திங்களன்று கறி சாப்பிடாத வீட்டில் அது செவ்வாய்வரை குளிரில் கிடக்கிறது. அதிலும் மிஞ்சுவது நல்ல துண்டுகள் அல்ல. அவை முதல் ஆளின் தட்டிலேயே போய்விடும். கழுத்தெலும்பு, விலா, சவ்வு ஒட்டிய தண்டெலும்பு, அடியில் படிந்த மசாலா, மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பு ஆகியவைதான் மிஞ்சும். அதைச் சூடுகாட்டித் தட்டில் வைத்தால் யாரும் தொடுவதில்லை என்பதால் தெருநாய்க்குப் போகிறது.

எலும்பை மட்டும் நம்பியவர்கள்

எலும்பைக் கரைத்து உணவாக்கும் ஆசை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. நாம் அன்றாடம் விசில் எண்ணிக்கொண்டு நிற்கும் பிரஷர் குக்கரே அந்த ஆசையில் பிறந்ததுதான். லண்டனில் வேலை செய்துகொண்டிருந்த டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679ஆம் ஆண்டு அங்கிருந்த அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் முன் இறுக்கமாக மூடிய ஒரு பாத்திரத்தைக் காட்டினார். எலும்பை மென்மையாக்கும் இயந்திரம் என்றே அதைப் பற்றி 1681இல் நூலும் வெளியிட்டார். மறு ஆண்டு அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தை உண்ட ஜான் ஈவ்லின், மாட்டின் கெட்டியான எலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டியைப் போல மெத்தென்று இருந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

எலும்பு மென்மையானால் போதுமா என்ற கேள்வி பாரிஸில் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தார்சே என்ற வேதியியலாளர் எலும்பிலிருந்து ஜெலட்டினைப் பிரித்தெடுத்து, அந்தச் சாற்றை ஏழைகளுக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்கும் இறைச்சிக்கு ஈடாகக் கொடுக்கலாம் என்று நிறுவப் பாடுபட்டார். செலவு குறைவு என்பதால் வரவேற்பும் இருந்தது. குடித்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் மஜாந்தி என்ற உடலியல் அறிஞரின் தலைமையில் அமைந்த குழு நாய்களைக் கொண்டு நெடுங்காலம் சோதித்து, ஜெலட்டினை மட்டும் நம்பி உயிரைக் காக்க முடியாது என்று 1841இல் அறிக்கை கொடுத்தது. ஏன் என்பது அவர்களுக்குத் தெரியாது. 1901இல் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கில உயிர்வேதியியலாளர், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேனைப் பிரித்தெடுத்த பிறகுதான் காரணம் துலங்கத் தொடங்கியது. உடலால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத அந்த அமிலம் ஜெலட்டினில் அறவே இல்லை. எலும்புச் சாறு ஆறினால் தளதளவென்று உறைவதைப் பார்த்து “சத்து இறங்கியிருக்கிறது” என்கிறோமே, அந்த உறைவு முழுவதும் இந்த ஜெலட்டின்தான்.

சுண்ணாம்புச் சத்தாவது இறங்குமல்லவா என்று கேட்கலாம்; முறிந்த எலும்புக்கு எலும்பு என்ற கணக்கே அதை நம்பித்தான். ஆனால் எலும்பில் கால்சியம் கரையாத தாதுவாக இறுகிக் கிடக்கிறது. பல மணி நேரம் கொதித்தாலும் நீரில் இறங்குவது சொற்பமே. ஒரு கிண்ணம் எலும்புச் சாற்றில் கிடைப்பது ஒரு நாளின் தேவையில் 5 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. மாறாக 100 கிராம் உலர்ந்த கொள்ளில் 250 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பயற்றில் உள்ள ஃபைட்டேட் அதில் ஒரு பங்கை உடலில் சேரவிடாது என்பது உண்மைதான். ஊறவைத்தால் அந்தத் தடை ஓரளவு குறையும். எப்படிப் பார்த்தாலும், கலக்கிவிட்டது என்று பெரியப்பா குறை சொன்ன கொள்ளில்தான் அவர் தேடிய சத்து இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒருவரும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசிடம் பணியாற்றிய ரம்ஃபோர்டு என்பவர், 1790களில் மியூனிக் நகரில் ஏழைகளுக்காக ஒரு சூப் வகுத்தார். அதில் பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, காடி, உப்பு, காய்ந்த ரொட்டித் துண்டுகள் ஆகியவை மட்டுமே, எலும்பே இல்லை. தண்ணீரே பார்லியோடு சேர்ந்து உணவாக மாறுகிறது என்று அவர் கொடுத்த விளக்கம் வேடிக்கையானது. ஆனால் வயிற்றை நிறைப்பது எது என்று பார்த்த அவருடைய கண் சரியாகவே பார்த்திருக்கிறது. சுவையைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் உண்டு.

தால்சாச் சட்டியின் பக்கத்தில்

இவையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவை. எனக்கு விஷயம் உண்மையிலேயே புரிந்தது திருச்சியில், நண்பரின் தங்கை நிக்காஹ்வுக்கு முந்தைய இரவில். பந்தலுக்குப் பின்னால் மண்ணில் பள்ளம் தோண்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். சமையலுக்கு வந்திருந்த பண்டாரி ஒரு பலகையில் உட்கார்ந்து கறியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சதைப்பிடிப்பான துண்டுகள் பிரியாணிக்கான தேக்சாவின் பக்கம் போயின. சதை குறைந்த விலா, முதுகெலும்பு, மூட்டு, சவ்வு ஆகியவை இன்னொரு குவியலாகச் சேர்ந்தன. அந்தக் குவியல்தான் பிரியாணியோடு பரிமாறும் பருப்புக் குழம்பான தால்சாவுக்கு. பக்கத்தில் ஒரு பையன் பருப்பை அரித்துக்கொண்டிருந்தான். கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் கலந்து வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் கத்தரிக்காயும் மாங்காயும் வாழைக்காயும் வெட்டிக் கிடந்தன.

எலும்பு கொஞ்சம், பருப்பு கொஞ்சம் என்று ஏதோ மனக்கணக்கில் போடுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ எலும்புக் குவியலை அப்படியே வழித்துச் சட்டியில் தள்ளிவிட்டு, பருப்பை மட்டும் படியால் அளந்தார். ஒருமுறை அளந்ததைக் கொஞ்சம் திரும்ப எடுத்து வைத்தார். ஏன் என்று கேட்டேன். “எலும்பு எத்தனை கெடந்தாலும் ஒண்ணுமில்ல தம்பி. பருப்பு ஏறுனா களி, எறங்குனா தண்ணி. சட்டி பருப்புக் கணக்குலதான் நிக்கும்” என்றார். பிறகு பருப்பைத் தனிப் பாத்திரத்தில் மஞ்சளோடு வேகவிட்டார். எலும்பு தனியே இஞ்சி பூண்டு விழுதோடும் மசாலாவோடும் வெந்தது. இரண்டும் தனித்தனியே முழுதாக வெந்த பிறகு, விடியற்காலையில்தான் அவை ஒரே சட்டிக்கு வந்தன. காய்கள் அதன் பிறகு, மாங்காயும் புளிக்கரைசலும் எல்லாவற்றிற்கும் கடைசியில். மத்தால் ஒரு பக்கமாக மட்டும் கடைந்துவிட்டார். பாதிப் பருப்பு கரைந்து சாற்றைக் கெட்டியாக்கியது. மீதிப் பாதி முழுதாக மிதந்தது.

பந்தியில் நான் கவனித்தது அந்தச் சட்டியைத்தான். பிரியாணிக்குப் பேர் சொன்னார்கள். தால்சாவைக் கேட்டு வாங்கினார்கள். எலும்பு சாற்றுக்கு மணத்தையும் வழவழப்பையும் கொடுத்தது. கையில் பிசைந்த சோற்றைப் பிடித்து நிறுத்தியது பருப்பு. கறி குறைந்த பாகம், விலை மலிந்த பாகம், ஒதுக்கிய பாகம் எதுவானாலும் அதைப் பயறு ஏந்திக்கொள்கிறது என்பது அந்தச் சமையற்கட்டில் யாருக்கும் புதிதில்லை. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியிலும் நொய்யரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கொத்துக்கறி என்று இதே ஏற்பாடுதான். பகலெல்லாம் பட்டினி கிடந்த வயிற்றுக்கு முதலில் கொடுக்கும் உணவு அது. என் வீட்டுச் சட்டியில் நான் செய்தது புதுமை ஒன்றும் அல்ல. எங்கள் பக்கத்துத் தானியக் குதிரில் இருந்த பயறு மட்டும்தான் வேறு.

கொள்ளு வேக வேண்டும்

கொள்ளைச் சமைக்கும் எங்கள் ஊர் வழக்கம் அதை இரண்டாகப் பிரிப்பது. வெந்த தண்ணீரை இறுத்து ரசம் வைப்பார்கள். அடியில் நிற்கும் கொள்ளைச் சின்ன வெங்காயமும் மிளகாயும் சேர்த்துக் கடைந்து பருப்பாக்குவார்கள். இரண்டுமே எனக்கு விருப்பம். சூப்புக்கு மட்டும் பிரிக்கக் கூடாது. நான்கு பேருக்கு 200 கிராம் கொள்ளு போதும். அதில் ஏறக்குறைய 44 கிராம் புரதம் இருக்கிறது. மீந்த கறியில் எலும்பை நீக்கினால் நிற்கும் சதை ஒரு கைப்பிடி, 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். ஆகக் கறியைவிடக் கொள்ளுதான் இங்கே அதிகம் கொடுக்கிறது. ஆனால் கொள்ளில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, அந்தக் குறையை ஒரு கைப்பிடிக் கறி நிரப்புகிறது. ஜெலட்டினில் இல்லாத டிரிப்டோஃபேனைக் கொள்ளும் கறியும் சேர்ந்து கொண்டுவருகின்றன. பாரிஸ் மருத்துவமனைச் சாற்றில் விடுபட்டது இந்தக் கூட்டுதான்.

கல் பொறுக்கிய கொள்ளை வாணலியில் மணம் எழும் வரை வறுத்து, கழுவி, இரவு முழுவதும் ஊறப்போட வேண்டும். ஊறும் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு போடுகிறேன். உப்பு போட்டால் பயறு வேகாது என்று அம்மா உட்பட எல்லோரும் தடுப்பார்கள். ஆனால் பயற்றின் தோலிலும் செல் சுவரிலும் பசைபோல ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பொருளைக் கால்சியமும் மக்னீசியமும் இறுகக் கட்டிவைத்திருக்கின்றன, உப்பில் உள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடித்துக் கட்டைத் தளர்த்துகிறது. காங்கேயம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று சொல்வதற்கும் இதே காரணம்தான்; அந்தக் கடின நீர் தன் பங்குக் கால்சியத்தையும் பயற்றில் ஏற்றிவிடுகிறது. எனவே ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கிற நல்ல தண்ணீரையே எடுக்கிறேன். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிய தண்ணீரில் வேகவைத்தால், உப்புக் கரிப்பும் போய்விடும். வெயில் காலம் இரண்டைக் கடந்த பழங்கொள்ளு என்ன செய்தாலும் நறநறவென்றுதான் இருக்கும். அதை மாட்டுக்கு வைத்துவிடலாம்.

மீந்த குழம்பையும் பச்சைக் கொள்ளையும் ஒன்றாகக் குக்கரில் அடைப்பதுதான் இந்தச் சூப் பலருக்குச் சரியாக வராததன் காரணம் என்று நினைக்கிறேன். குழம்பில் தக்காளி இருக்கிறது, சில வீடுகளில் புளியும் இருக்கிறது. புளிப்பில் பெக்டின் கரைய மறுக்கும். கறி நாராகப் பிரிந்துபோன பிறகும் கொள்ளு மட்டும் விறைத்து நிற்கும். பண்டாரி பருப்பையும் எலும்பையும் தனித்தனியே வேகவைத்ததும், மாங்காயைக் கடைசிக்கு ஒதுக்கியதும் இதனால்தான். நான் கொள்ளோடு மசாலாவைக் கழுவிய வெற்றெலும்புகளை மட்டும் போடுகிறேன். நல்லி எலும்பானால் அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டி விரிசல் விட்டுப் போட வேண்டும். முதல் சமையலில் வெளியே வராத மஜ்ஜை அப்போதுதான் சாற்றுக்குள் வழுக்கி இறங்கும். விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும் என்பதால் அதைச் சொல்வதில் பயனில்லை. ஆவி ஏறிய பிறகு சிறு தீயில் அரை மணி நேரம் விட்டால், ஒரு கொள்ளை எடுத்து இரு விரலால் நசுக்கும்போது தோல் ஒரு பக்கமும் மாவு ஒரு பக்கமுமாக வழுக்க வேண்டும். இந்த இரண்டாம் வேக்காட்டில்தான், மூட்டில் ஒட்டியிருந்த சவ்வு முழுதாகக் கரைகிறது. ஒருமுறை வெந்த கறியில் ஒன்றும் இல்லை என்பது சதைக்கு வேண்டுமானால் பொருந்தும். எலும்புக்கும் சவ்வுக்கும் பொருந்தாது.

சதை கதையே வேறு. அது ஏற்கெனவே தன் ஈரத்தை இழந்திருக்கிறது. திரும்பக் கொதித்தால் சக்கையாகும். ஆகவே அதை விரலால் பிய்த்துத் தனியே வைத்திருந்து, இறக்குவதற்குச் சற்று முன்பு போட வேண்டும். குளிரில் இருந்த கறியைச் சூடுபடுத்தும்போது வருகிற பழைய வாடையைப் பற்றிச் சிலர் கவலைப்படுவார்கள். இறைச்சியின் இரும்பு விடுபட்டு அதன் கொழுப்பைக் காற்றோடு சிதைப்பதால் அது எழுகிறது. உணவு அறிவியலில் 1958 முதலே அதைத் தனியாக ஆராய்ந்து வருகிறார்கள். கிராம்பு போன்ற மசாலாப் பொருள்கள் அந்தச் சிதைவைத் தடுப்பவை. வெறும் உப்பில் அவித்த கறியைவிட, பட்டையும் கிராம்பும் மிளகும் அரைத்து வைத்த நம் குழம்புக் கறியில் அந்த வாடை குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். மேலே உறைந்த கொழுப்பில் பெரும்பகுதியை வழித்து எடுத்துவிட வேண்டும், ஆட்டுக் கொழுப்பு சூப் ஆறும்போது மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். ஒரு கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு, அதிலேயே சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தட்டிய பூண்டும் வதக்கினால் எண்ணெய் தேவையில்லை.

மீந்த குழம்பின் மசாலாவை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. உப்பும் காரமும் முதல் நாளே முழுதாக ஏறிய பொருள் அது. இரண்டு கரண்டி விட்டு, கொதிவந்ததும் சுவைத்து, பிறகு வேண்டுமானால் இன்னொரு கரண்டி விட வேண்டும். உப்பில்லாமல் வெந்த கொள்ளு அதை ஏற்றுக்கொள்ளும். கொள்ளில் பாதியை மத்தால் கடைந்து, பாதியை முழுதாக விடுகிறேன். முழுவதையும் அரைத்தால் களியாகிறது, அரைக்காமல் விட்டால் தண்ணீர் தனி, கொள்ளு தனியாக நிற்கிறது. மிளகும் சீரகமும் எங்கள் வீட்டு வழக்கப்படி கடைசியில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மதியம் சமைத்த கறி இரவுவரை அடுப்பு மேடையிலேயே கிடந்திருந்தால், அது சூப்புக்கு ஆகாது. வெந்த இறைச்சியில் தப்பிப் பிழைக்கும் கிருமி வித்துகள் வெதுவெதுப்பில் பெருகுபவை. அவற்றில் சில விடும் நச்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. சாப்பிட்டு எழுந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள், அகலப் பாத்திரத்தில் பரப்பிக் குளிரில் வைத்து, மூன்று நாளைக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நம் ஊர் மின்வெட்டைக் கணக்கில் கொண்டால் இரண்டு நாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரவு இறக்கிய சூப் காலையில் கட்டியாகி நிற்கும். கொள்ளின் மாவும் எலும்பின் ஜெலட்டினும் சேர்ந்து கரண்டியை நட்டுக்கொண்டு நிறுத்திவிடும். அப்போது கொதிக்கிற தண்ணீர் விட்டு இளக்கினால் மறுபடி சூப்; இளக்காமல் சூடுபடுத்தினால் ராகிக்களிக்குக் குழம்பு. எங்கள் வீட்டில் இரண்டாவதற்குத்தான் போட்டி அதிகம். எலுமிச்சையை மட்டும் சட்டியில் பிழியாமல் அவரவர் கிண்ணத்தில் பிழிந்துகொள்ளச் சொல்கிறேன். சூடு ஏற ஏற அதன் மணம் போய்விடுவதோடு, மறுநாளுக்கு வைக்கும் சூப்பில் ஒரு கசப்பும் தட்டுகிறது.